கிளெப் காலேஜ் கம்போசிஷன்: எழுதித் தாண்டிய பாடமும் உட்கார்ந்து படித்த பாடமும்

மதுரையில் பி.காம். முடித்து இருபது ஆண்டுகள் கழித்து, டெக்சஸில் எங்கள் வீட்டுக்கு அருகிலிருக்கும் கம்யூனிட்டி கல்லூரியில் நர்சிங்குக்கு முந்தைய பாடங்களை முடிக்கலாம் என்று போனபோது, உடற்கூறியலும் நுண்ணுயிரியலும்தான் என்னைப் பயமுறுத்தப் போகின்றன என்று எண்ணியிருந்தேன். அட்வைசர், அதாவது எந்தப் பாடம் எடுப்பது என்று வழிகாட்டும் கல்லூரி ஆலோசகர், அச்சிட்டுத் தந்த தாளில் அவற்றுக்கும் மேலே, முதல் இரண்டு வரிகளில், இங்கிலீஷ் 1301 என்றும் இங்கிலீஷ் 1302 என்றும் இருந்தது. அமெரிக்கக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் முதலாண்டு மாணவர்கள் கட்டுரை எழுதப் பழகும் கட்டாயப் பாடங்களுக்கு டெக்சஸில் வழங்கும் எண்கள் அவை. ஒவ்வொன்றும் மூன்று கிரெடிட், அதாவது பட்டத்துக்குச் சேரும் மூன்று பாட அலகு. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு செமஸ்டர் போய்விடும். பி.காமில் நான் எழுதிய ஆங்கிலத் தாள்களைப் பற்றிக் கேட்டேன். அவை இதற்கு ஈடாகாது என்று அட்வைசர் சொன்னார். அதே மூச்சில், "ஏற்கெனவே எழுத வரும் என்றால் கிளெப் எழுதிப் பாருங்களேன்" என்றும் சொன்னார்.

கிளெப் என்பது எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை நடத்தும் அதே காலேஜ் போர்டு 1967 முதல் நடத்திவரும் தேர்வுத் தொகுப்பு. கல்லூரிப் பாடத்தை வகுப்பில் உட்கார்ந்து படிக்காமலேயே, அந்தப் பாடம் கற்பிக்கும் விஷயம் தனக்குத் தெரியும் என்று நிறுவி கிரெடிட் வாங்கிக்கொள்ள அது ஏற்பட்டது. கால்குலஸ், உளவியல், ஸ்பானிஷ் என்று 34 தேர்வுகள் அதில் இருக்கின்றன. மதிப்பெண் 20-இல் தொடங்கி 80-இல் முடியும். 50 வாங்கினால் கிரெடிட் தரலாம் என்பது அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் என்ற அமைப்பின் பரிந்துரை. பரிந்துரை என்ற சொல்லை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் தருவதும் மறுப்பதும் எத்தனை தருவது என்பதும் அந்தந்தக் கல்லூரியின் கையில்தான் இருக்கிறது. என் கதையில் இது பின்னால் வரும்.

இந்த மதிப்புரை அந்த 34-இல் ஒன்றான காலேஜ் கம்போசிஷன் தேர்வைப் பற்றியது. இதற்கு மாடுலர் என்ற பின்னொட்டோடு ஓர் இரட்டைப் பிள்ளையும் உண்டு. இரண்டும் 2010-இல் பழைய ஆங்கிலக் கட்டுரைத் தேர்வுகளின் இடத்துக்கு வந்தவை. காலேஜ் கம்போசிஷனில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களோடு இரண்டு கட்டுரைகளையும் எழுத வேண்டும். மாடுலரில் வினாக்கள் மட்டும் இருக்க, கட்டுரை வேண்டுமா, யார் திருத்துவது என்பதைக் கல்லூரியே முடிவுசெய்யும். கட்டுரை உள்ளதற்கு ஆறு கிரெடிட், மாடுலருக்கு மூன்று கிரெடிட் என்பது பரிந்துரை. பெயர் ஒன்றுபோல் இருப்பதால், ஒன்றை எழுத வேண்டியவர்கள் இன்னொன்றுக்குப் பணம் கட்டிவிடுவது எளிது. பதிவுசெய்யும் பக்கத்தில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் அந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்வுக் கட்டணம் நூறு டாலருக்குள் அடங்கிவிடுகிறது. தேர்வு மையம் தன் பங்குக்கு ஒரு சிறு தொகையை வசூலிக்கும். ஒரு செமஸ்டர் பாடத்துக்குக் கட்டணம், புத்தகம், பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அந்த நூறு டாலரும் இல்லாமல் எழுத வழி இருக்கிறது. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அறக்கட்டளை கிளெப் பாடங்களை இணையத்தில் இலவசமாக நடத்துகிறது. பாடங்களையும் பயிற்சி வினாக்களையும் முடித்தவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரையும் தந்துவிடுகிறது. நான் அந்த வவுச்சரில்தான் எழுதினேன். அமெரிக்கப் படைகளில் பணியாற்றுவோருக்கு அரசே கட்டணம் செலுத்துகிறது.

தேர்வு எழுதிக் கட்டுரைப் பாடத்தைத் தாண்டுவது ஏதோ குறுக்கு வழி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். என் கணவருக்கும் அந்த எண்ணம் இருந்தது. ஆனால் வரலாற்றைப் பார்த்தால் இந்தப் பாடமே ஒரு தேர்வின் வயிற்றில் பிறந்ததுதான். 1874-இல் ஹார்வர்டு தன் நுழைவுத் தேர்வில் ஒரு சிறு கட்டுரையை எழுதச் சொன்னது. பெரிய பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகளே பிழைபட எழுதியதைக் கண்டு ஆசிரியர்கள் திகைத்தார்கள். 1885-இல் முதலாண்டு மாணவர்களுக்கு இங்கிலீஷ் ஏ என்ற எழுத்துப் பாடம் ஏற்பட்டது. மற்றக் கல்லூரிகள் அதைப் பின்பற்ற, நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பாடம் நிலைத்து நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதே ஹார்வர்டில் இன்று எந்தத் தேர்வெழுதியும் முதலாண்டு எழுத்துப் பாடத்திலிருந்து தப்ப முடியாது. பிரின்ஸ்டனிலும் அப்படியே. ஆகவே பிள்ளையை அத்தகைய இடங்களுக்கு அனுப்பும் கனவில் இருப்பவர்கள் இந்தத் தேர்வுக்குச் செலவழிக்க வேண்டாம். இது பெரும்பாலும் அரசுக் கல்லூரிகளுக்கும் என்னைப் போல் நடுவயதில் திரும்பிப் படிக்க வருபவர்களுக்கும் பயன்படும் சரக்கு.

தயாரிப்புக்கு எனக்கு ஏழு வாரங்கள் பிடித்தன. ஆங்கிலத்தில் தினமும் மின்னஞ்சல் எழுதுகிறோம், அறிக்கை எழுதியிருக்கிறோம், இரண்டு வாரம் போதும் என்றுதான் தொடங்கினேன். முதல் மாதிரித் தேர்விலேயே தெளிந்துவிட்டது.

வினாப் பகுதி 50 வினாக்கள், 55 நிமிடம். அதில் இலக்கணத்துக்கென்று தனியாக இருப்பது பத்தில் ஒரு பங்குதான். நாற்பது விழுக்காடு திருத்தி எழுதும் திறனுக்கு. மீதிப் பாதி, ஆதாரங்களைக் கையாள்வதற்கும் ஒரு பத்தியை எழுதியவர் எந்த நோக்கத்தில் எப்படி வாதாடுகிறார் என்று கண்டுபிடிப்பதற்கும் சமமாகப் பிரிகிறது. திருத்தும் பகுதி எப்படி இருக்கும் என்றால், ஒரு மாணவர் எழுதிய முதல் வரைவைப் போன்ற பத்தியை, வாக்கியம் வாக்கியமாக எண் போட்டுத் தந்துவிடுவார்கள். ஆறாம் வாக்கியத்தை எங்கே நகர்த்தினால் பொருந்தும், மூன்றையும் நான்கையும் எந்தச் சொல்லால் இணைக்கலாம், எந்த வாக்கியத்தை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று கேட்பார்கள். இலக்கணப்படி எல்லா விடைகளும் சரியாகவே இருக்கும். அந்த இடத்துக்குப் பொருந்துவது ஒன்றுதான். நம் ஊரில் "பிழை திருத்துக" என்று பயின்ற கண்ணுக்கு இது புதிது. பிழையைத் தேடித் தேடி, பிழையே இல்லாத வாக்கியங்களுக்கு நடுவே நான் விழித்துக்கொண்டிருந்தேன்.

இலக்கணத்தில் எனக்கு இருந்த ஒரே பெரிய நோய் காற்புள்ளி. தமிழில் வந்து, பார்த்து, கேட்டு, சொல்லி என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போய் வாக்கியத்தைக் கடைசியில் ஒரு வினைமுற்றால் பூட்டுவது நமக்கு மூச்சுவிடுவது போன்ற பழக்கம். அதே கையோடு ஆங்கிலம் எழுதும்போது, முற்றுப்புள்ளி வைத்திருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளியைப் போட்டு, தனித்தனியே நிற்கக்கூடிய இரண்டு முழு வாக்கியங்களை ஒட்டவைத்துவிடுகிறோம். இதற்கு இங்கே கமா ஸ்ப்ளைஸ் என்று பெயரே இருக்கிறது. அமெரிக்க ஆசிரியர்களுக்கு இது சோற்றில் கல். என் பயிற்சிக் கட்டுரை ஒன்றில் பதினோரு இடங்களில் இருந்தது. எழுதி முடித்ததும் காற்புள்ளிகளை மட்டும் ஒரு முறை எண்ணிப் பார்ப்பது என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்ட பிறகுதான் குறைந்தது.

கட்டுரைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டு கட்டுரைகளுக்குச் சேர்த்து 70 நிமிடம். முதல் கட்டுரைக்கு 30 நிமிடம்: ஒரு கருத்தைத் தந்து, அதை ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று கேட்பார்கள், நீங்கள் படித்ததிலிருந்தும் பட்டதிலிருந்தும் பார்த்ததிலிருந்தும் சான்று காட்டி வாதாட வேண்டும். இரண்டாவதற்கு 40 நிமிடம்: ஒரே பொருளைப் பற்றிய இரண்டு எழுத்துகளைத் தருவார்கள், அவற்றைப் படித்து, இரண்டையும் பயன்படுத்தி, எது எங்கிருந்து எடுத்தது என்று சுட்டிக்காட்டி, உங்கள் நிலைப்பாட்டை எழுத வேண்டும். கணினியில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். எழுத்துப்பிழையைச் சிவப்புக் கோடிட்டுக் காட்ட அங்கே ஒன்றும் இல்லை.

தேர்வில் வந்த வினாக்களை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்புக்கொண்டு எழுதியிருப்பதால், வீட்டில் எனக்கு நானே வைத்துக்கொண்ட பயிற்சி வினா ஒன்றைச் சொல்கிறேன். "பயன்படாத பொருளை வைத்திருப்பது வீண்" என்பது வினா. அடுப்பிலிருக்கும் கடிகாரத்தில் 30 நிமிடம் வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். எங்கள் வீட்டுப் பரணில் அம்மா இன்னும் இறக்காமல் வைத்திருக்கும் பித்தளைப் பாத்திரங்கள் நினைவுக்கு வந்தன. நல்ல சான்று கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் எழுதித் தள்ளினேன். பன்னிரண்டாம் வகுப்பில் கற்றபடி, மனிதன் ஆதிகாலம் முதல் பொருள்களைச் சேர்த்து வந்திருக்கிறான் என்று முன்னுரை. நுகர்வு வளர்ந்த வரலாறு ஒரு பத்தி. நடுவில் ஒரு மேற்கோள். பிறகு பித்தளைப் பாத்திரம். கடைசியில், நாமும் இதைப் பின்பற்றிப் பயன்பெறுவோமாக என்ற தொனியில் ஒரு முடிவுரை. பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள் அதை வாங்கிப் படித்துவிட்டு, "அம்மா, நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னே நாலாவது பத்தியிலதான் தெரியுது" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று உட்தலைப்பிட்டு எழுதிப் பழகிய நமக்கு, முன்னுரை என்பது விருந்தாளியை வாசலில் நின்று வரவேற்கும் சொல். இங்கே திருத்துபவர்களோ, வந்தவர் எதற்கு வந்தார் என்று முதல் பத்தியிலேயே கேட்கிறார்கள். தீசிஸ் என்று அவர்கள் சொல்லும் அந்த ஒரு வாக்கியம், இதை நான் ஏற்கிறேன் அல்லது மறுக்கிறேன், இன்ன காரணத்தால், என்று முதல் பத்தி முடிவதற்குள் வந்துவிட வேண்டும். பிறகு வரும் ஒவ்வொரு பத்தியும் அந்த வாக்கியத்துக்குக் கடன்பட்டதாக இருக்க வேண்டும். மறுநாள் அதே வினாவை மறுபடி எழுதினேன். இந்த முறை முதல் வரியே பரணில் தொடங்கியது: வீட்டில் ஒரு திருமணம் வரும்போதெல்லாம் அந்தப் பாத்திரங்கள் இறங்குகின்றன, ஆகவே பயன்படாத பொருள் என்பது வேறு, பயன்படும் நாள் வராத பொருள் என்பது வேறு என்று. ஆதிகால மனிதன் வெளியேறிவிட்டான். 30 நிமிடத்தில் எனக்கு நான்கு நிமிடம் மிஞ்சியது.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம், இந்தத் தேர்வில் நம்மவர்கள் சறுக்கும் இடம் ஆங்கிலம் அல்ல, இந்த அமைப்புதான் என்று நான் கருதுவதே. நன்றாக ஆங்கிலம் பேசும் தோழி ஒருத்தி முதல் முறை தேறவில்லை. அவளுடைய பயிற்சிக் கட்டுரையைப் படித்தபோது என்னுடைய ஆதிகால மனிதன் அங்கேயும் உலவிக்கொண்டிருந்தான். தேறாவிட்டால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி எழுத விடுவார்கள்.

ஆதாரம் காட்டும் பகுதிக்கு எம்.எல்.ஏ., ஏ.பி.ஏ., சிகாகோ என்ற, ஆதாரங்களைக் குறிப்பிடும் மூன்று முறைகளையும் ஓரளவு பார்த்துவிட்டுப் போனால் போதும். அவற்றில் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தந்திருக்கும் ஒரு நூற்பட்டியல் குறிப்பைப் பார்த்து, இது புத்தகமா, இதழ்க் கட்டுரையா, எந்த எண் ஆண்டைக் குறிக்கிறது என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

தேர்வு நாளன்று நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இது நம்மவர்களுக்கே உரிய தொல்லை. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருந்த காலம் ஒன்று உண்டு. இந்த நாட்டு ஆவணங்களில் அப்படிப்பட்டவர்களின் ஒரே பெயரைக் கடைசிப் பெயராக்கி, முதற்பெயரின் இடத்தில் எஃப்.என்.யூ. என்று, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று, எழுதிவிடுவார்கள். பிறகு அப்பாவின் பெயரைக் கடைசிப் பெயராக்கி ஓட்டுநர் உரிமத்தை மாற்றிக்கொண்டேன். ஆனால் தேர்வுக்குப் பழைய கணக்கிலேயே பதிவுசெய்திருந்தேன். மையத்தில் இருந்தவர் உரிமத்தையும் திரையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பெயர் பொருந்தவில்லை, அமர்த்த முடியாது என்றார். அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டு, நான் கைப்பேசியில் பழைய ஆவணங்களைக் காட்டி, ஒரு வழியாக உள்ளே விடும்போது முக்கால் மணி நேரம் போயிருந்தது. கைகள் சில்லிட்டிருந்தன; முதல் பத்து வினாக்களை என்ன படித்தேன் என்றே நினைவில்லை. அவர்கள் விதிப்படிதான் நடந்தார்கள். உரிமத்தில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் பதிவில் இட்டிருக்க வேண்டியது என் வேலை. ஆனாலும் எனக்குப் பின்னால் நின்றவர்கள் முன்னிலையில் என் பெயர் எனக்குச் சொந்தமா என்று விசாரிக்கப்பட்டது கசப்பாகவே இருந்தது.

அறை அமைதியானது; கணினி பழையது; விசைகள் கொஞ்சம் சத்தமிட்டன. தேர்வில் நேரம் இறுக்கிப் பிடிக்கிறதே தவிர நெரிக்கவில்லை. வினாப் பகுதியில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் எதையும் காலியாக விட வேண்டியதில்லை. இரண்டாம் கட்டுரையில்தான் எனக்கு மூச்சு வாங்கியது. இரண்டு எழுத்துகளையும் படிக்கும் நேரமும் அந்த 40 நிமிடத்துக்குள்ளேயே அடங்கும் என்பதைப் பயிற்சியின்போதே பழகிக்கொள்ள வேண்டும்.

மற்ற கிளெப் தேர்வுகள் பெரும்பாலானவற்றில் எழுதி முடித்ததும் திரையிலேயே மதிப்பெண் வந்துவிடும். இதில் வராது. கட்டுரைகளைக் கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் படித்து மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொரு கட்டுரையையும் ஒருவருக்கு மேற்பட்டோர் படிக்கிறார்கள். இது எனக்குப் பிடித்த அம்சம். இயந்திரம் திருத்தும் எழுத்துத் தேர்வுகள் பெருகிவிட்ட காலத்தில், நான் எழுதியதை இரண்டு மனிதர்கள் படிக்கிறார்கள் என்பதற்காக இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருப்பதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் அதன் பிறகுதான் வந்தது. கணக்கைத் திறந்து பார்த்தால் 58 என்று ஓர் எண். அவ்வளவுதான். கட்டுரைக்கு எவ்வளவு, வினாக்களுக்கு எவ்வளவு, எந்தக் கட்டுரை நன்றாக இருந்தது, எங்கே வாதம் தொய்ந்தது என்று ஒரு சொல்லும் இல்லை. இரண்டு ஆசிரியர்கள் படித்தும் எனக்குத் தெரிந்தது, ஐம்பதைத் தாண்டிவிட்டேன் என்பது மட்டும்.

சரி, தாண்டியாகிவிட்டது, ஆறு கிரெடிட் வந்துவிட்டது என்று அன்றிரவு கேசரி செய்து கொண்டாடினோம். அட்வைசரும் முதலில் வாய்மொழியாக ஆறு என்றுதான் சொல்லியிருந்தார். டிரான்ஸ்கிரிப்ட் என்னும் கல்லூரி மதிப்பெண் பதிவில் ஏறியபோது மூன்றுதான் இருந்தது. 1301-க்கு மட்டும் தருவோம், 1302-க்கு எந்தத் தேர்வும் ஈடாகாது என்பது அந்தக் கல்லூரியின் விதி. அது இணையத்திலுள்ள கல்லூரிக் கையேட்டின் உள்பக்க அட்டவணை ஒன்றில் தெளிவாகவே இருந்தது. நான் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. இருபது மைல் தள்ளி இருக்கும் இன்னொரு கல்லூரி இதே மதிப்பெண்ணுக்கு இரண்டு பாடங்களையும் தருகிறது என்று பிறகு தெரிந்தபோது எரிச்சல் இன்னும் கூடியது. ஒரே தேர்வு, ஒரே மதிப்பெண்; ஓரிடத்தில் ஆறு, ஓரிடத்தில் மூன்று, சில இடங்களில் சுழியம். 2,900-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் கிளெப்பை ஏற்கின்றன என்ற அறிவிப்பு உண்மைதான். ஆனால் எந்தத் தேர்வை எத்தனை கிரெடிட்டுக்கு என்பது ஒவ்வொரு வாசலிலும் தனித்தனியே கேட்க வேண்டிய கேள்வி.

ஆகவே 1302-ஐ உட்கார்ந்து படித்தேன். இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியதே அந்தப் பாடம்தான்.

பதினாறு வாரங்களில் நான்கு கட்டுரைகள். கடைசியாக ஓர் ஆய்வுக் கட்டுரை. ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு முறை எழுத வேண்டும். இரவுப்பணி செவிலியர்களின் தூக்கத்தைப் பற்றி நான் எழுதிய முதல் வரைவு ஓரங்களெல்லாம் நீல மையோடு திரும்பி வந்தது. "பெரும்பாலான செவிலியர்கள்" என்று நான் எழுதிய இடத்தில், எத்தனை பேர், யார் எண்ணியது என்று ஆசிரியை கேட்டிருந்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தியைச் சுற்றி வட்டமிட்டு, உங்கள் கட்டுரை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது, முதல் இரண்டு பக்கங்களும் தேவையா என்று எழுதியிருந்தார். ஏழு வாரம் பயின்று 58 வாங்கிய பிறகும் ஆதிகால மனிதன் வேறு வேடத்தில் உள்ளே வந்திருக்கிறான்! 30 நிமிடத்தில் ஒரு பக்கம் எழுதும்போது அவனுக்கு நுழைய இடமில்லை. பத்துப் பக்கம் கிடைத்ததும் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டான். அந்த இரண்டு பக்கங்களையும் வெட்டி, நூலகத் தரவுத்தளத்தில் மூன்று நாள் தேடி, எண்களோடு திருப்பி எழுதியபோதுதான் ஆய்வுக் கட்டுரை என்றால் என்ன என்று எனக்குப் பிடிபட்டது.

கிளெப் தேர்வு பொய் சொல்லவில்லை. முதல் வரைவைத் தெளிவாக, வேகமாக, பிழை குறைவாக எழுத வருமா என்று கேட்கிறது. வரும் என்றால் சான்று தருகிறது. ஆனால் எழுதியதைக் கலைத்து மறுபடி எழுதுவதை அது சோதிக்க முடியாது. அடுத்தவர் எழுதிய பத்தியைத் திருத்தச் சொல்லும் வினாக்கள் அதற்கு மாற்றாகா. 1301-ஐத் தாண்டியதால் எனக்கு இழப்பில்லை என்றே எண்ணுகிறேன். அந்தப் பாடத்தின் பெரும்பகுதியை அந்த ஏழு வாரங்களிலேயே கற்றுவிட்டேன். 1302-ஐயும் தாண்டியிருந்தால், நர்சிங் பள்ளியில் முதல் ஆய்வறிக்கையை எழுதும்போது அல்லாடியிருப்பேன். விதியின் மேல் எனக்கிருந்த கோபம் அந்த நீல மையில் பாதி கரைந்துவிட்டது. அட்வைசர் மேலிருந்த கோபம் அப்படியேதான் இருக்கிறது.

யாரும் முன்கூட்டியே சொல்லாத இன்னொரு விஷயம் உண்டு. கிளெப் வழியாக வரும் கிரெடிட்டுக்குக் கிரேடு கிடையாது. டிரான்ஸ்கிரிப்ட்டில் தேறியதாக மட்டும் ஏறும், ஜி.பி.ஏ. என்ற சராசரி மதிப்பெண் கணக்கில் சேராது. கிரேடு குறைந்துவிடுமோ என்று அஞ்சுபவர்களுக்கு இது வசதி. நர்சிங் போல, முன்பாடங்களின் ஜி.பி.ஏ.வை வைத்து ஆள் எடுக்கும் படிப்புக்குப் போகிறவர்களுக்கு இது இரண்டு பக்கமும் வெட்டும், ஏனெனில் எளிதாக ஏ வாங்கியிருக்கக்கூடிய ஒரு பாடம் கணக்கில் இல்லாமல் போகிறது. மருத்துவக் கல்லூரிகளில் சில, எழுத்துப் பாடத்தை வகுப்பில் படித்திருக்க வேண்டும் என்கின்றன. எஃப்-1 விசாவில் வந்திருக்கும் மாணவர்கள், தேர்வால் கிடைக்கும் கிரெடிட் ஒரு செமஸ்டருக்கு அவர்கள் எடுத்தாக வேண்டிய பன்னிரண்டு கிரெடிட்டில் சேராது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடம் படித்து எழுதும் ஏ.பி. இங்கிலீஷ் லாங்குவேஜ் தேர்வோடு ஒப்பிட்டுக் கேட்பார்கள். அதுவும் காலேஜ் போர்டின் தேர்வுதான். என் மகள் அதற்குத்தான் படிக்கிறாள். ஆண்டுக்கு ஒரு முறை மே மாதத்தில் நடக்கும். 45 வினாக்களுக்கு ஒரு மணி நேரம், மூன்று கட்டுரைகளுக்கு இரண்டேகால் மணி நேரம். ஐந்துக்கு மூன்று வாங்கினால் டெக்சஸின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கிரெடிட் கிடைக்கிறது. கிளெப்பை விடக் கடினமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவளுக்கு ஓராண்டு முழுவதும் ஓர் ஆசிரியர் இருக்கிறார், கட்டுரைகள் திருத்தப்பட்டுத் திரும்பி வருகின்றன. பள்ளியில் அந்தப் பாடம் இருக்குமானால் அதையே எடுக்கச் சொல்வேன். பள்ளி வயதைத் தாண்டியவர்களுக்கும், மே மாதம் வரை காத்திருக்க முடியாதவர்களுக்கும் கிளெப்.

ஐந்துக்கு மதிப்பெண் தரச் சொன்னால் கட்டணத்துக்கும் வினாக்களின் தரத்துக்கும் நான்கு தருவேன். எழுதியவருக்கு ஒரு வரியும் எழுதி அனுப்பாததற்கு ஒன்றுக்கு மேல் தர மாட்டேன். ஏற்கெனவே ஆங்கிலத்தில் எழுதிப் பிழைத்தவர்கள், ஒரு பட்டத்துக்கு இந்த மூன்று கிரெடிட்தான் குறை என்று நிற்பவர்கள், தயங்காமல் எழுதலாம்.

போன வாரம் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், அவர் சேரப்போகும் கல்லூரிக்காக இதே தேர்வுக்குப் பதிவுசெய்ய மடிக்கணினியோடு வந்தார். பணம் கட்டும் பக்கத்தை மூடச் சொல்லிவிட்டு, கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினோம்: காலேஜ் கம்போசிஷன், மாடுலர் அல்ல, 50 வாங்கினால் எந்தப் பாடங்களுக்கு எத்தனை கிரெடிட் தருவீர்கள், கிரேடு உண்டா, எழுத்தில் தெரிவிக்கவும். பிறகு அவருடைய ஓட்டுநர் உரிமத்தை வாங்கி, கடைசிப் பெயர் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் வரவில்லை.